ஹைட்ரஜன் பெராக்சைடு: தரமும் வீரியமும்

எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலத்தில் தலைமுறைகளாக மானாவாரியாக விளைந்துவரும் கருங்கண்ணிப் பருத்தி குட்டை இழை கொண்டது. அதன் ரகங்களை மேம்படுத்தும் பணியில் 1901இல் கோவில்பட்டியில் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் ஈடுபட்டு வந்துள்ளது. இவ்வகை நாட்டுப் பருத்தி, மருத்துவமனைகளில் காயம் துடைக்கப் பயன்படும் உறிஞ்சு பஞ்சு தயாரிப்பதற்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. ஆனால் கொட்டை நீக்கிய பஞ்சின் மீது இயற்கையான மெழுகுப் பூச்சும் மங்கிய பழுப்பு நிறமும் இருப்பதால், அது அப்படியே நீரை உறிஞ்சுவதில்லை. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து மெழுகை நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்த வெந்நீரில் வெளுத்தெடுத்த பின்னரே அது மருத்துவப் பஞ்சாகிறது. எட்டயபுரம் பாரதி கூட்டுறவு நூற்பாலை போன்ற ஆலைகளில் நூற்பு மட்டுமே நடைபெறுவதால் அங்கு இந்த வேதிப்பொருளுக்கு வேலையில்லை. நூல் துணியான பின், வெளுப்புப் பட்டறையில்தான் அது தேவைப்படுகிறது.

பட்டறைக்குக் கேன்களில் வரும் பெராக்சைடு பெரும்பாலும் 50 சதவீதக் கரைசல். மருந்துக்கடையில் சிறு சீசாவில் விற்கப்படுவதோ 6 சதவீதக் கரைசல். இரண்டும் நிறமற்றவை, பார்வைக்குத் தண்ணீர் போன்றவை, பெயரும் ஒன்றே. ஒன்று கையில் பட்டால் சற்று எரிச்சலோடு போகும்; மற்றொன்று தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கக்கூடும்.

1818இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் கண்டறிந்த இச்சேர்மத்தின் மூலக்கூறில், நீரில் உள்ளதைவிட ஓர் ஆக்சிஜன் அணு கூடுதலாக இருக்கிறது. இரு ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு வலுவற்றது என்பதால், அது எளிதில் முறிந்து, நீராகவும் ஆக்சிஜன் வாயுவாகவும் சிதைந்து வெப்பத்தை வெளியிடுகிறது. நம் உடலின் திசுக்களிலும் இரத்தத்திலும் உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி இச்சிதைவைப் பன்மடங்கு விரைவுபடுத்துவதால்தான் காயத்தின் மேல் விட்டவுடன் வெண்ணுரை பொங்குகிறது. நறுக்கிய உருளைக்கிழங்குத் துண்டின் மீது ஒரு சொட்டு விட்டாலும் அதே நுரை எழும். கிழங்கில் கிருமி இருப்பதற்கு அது சான்றாகாது, அதன் உயிரணுக்களிலும் கேட்டலேஸ் உண்டு என்பதையே அது காட்டுகிறது. காயத்தில் நுரை வந்தால் 'சீழ் வெளியேறுகிறது' என்று கொள்வதும் இவ்வாறே தவறு.

மருந்துக்கடைச் சீசாவில் காணப்படும் '20 வால்யூம்' என்ற குறிப்பைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஒரு லிட்டர் கரைசல் முழுவதும் சிதைந்தால் ஏறத்தாழ 20 லிட்டர் ஆக்சிஜன் வெளிவரும் என்பதே அதன் பொருள்; அது 6 சதவீதத்துக்குச் சமம். அமெரிக்க வீடுகளில் வழக்கமாக வைத்திருப்பது 3 சதவீதக் கரைசல், அதாவது 10 வால்யூம். ஆகவே அந்நாட்டுக் காணொளிகளையும் குறிப்புகளையும் பார்த்து 'அப்படியே பயன்படுத்தலாம்' என்று கொண்டு நம்மூர்ச் சீசாவைத் திறப்பவர், அவர்கள் சொன்னதைவிட இரு மடங்கு வீரியத்தைக் கையாள்கிறார். சம அளவு தூய நீர் சேர்த்தால் அது 3 சதவீதமாகும். கூந்தல் சாயத்தோடு வரும் திரவங்கள் 12 சதவீதம் வரை இருக்கும். ஆய்வகத்துக்குரியது பொதுவாக 30 சதவீதம்.

'தரம்' என்ற சொல்லால் எழும் குழப்பம் உயிருக்கே ஆபத்தாகக்கூடியது என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. தரம் என்பது தூய்மையையும், கரைசல் தானே சிதையாதிருக்கச் சேர்க்கப்படும் நிலைப்படுத்திகளின் வகையையும் குறிக்கிறது. வீரியத்தை அது குறிப்பதில்லை. 'உணவுத் தரம்' என்று விற்கப்படும் 35 சதவீதக் கரைசல், உணவுத் தொழிற்சாலைகளில் பொட்டலங்களைக் கிருமிநீக்கம் செய்வது போன்ற வேலைகளுக்கு உரியது. அருந்தத்தக்கது என்பது அதன் பொருளன்று. அதில் ஒரு மில்லி லிட்டர் விழுங்கினாலே வயிற்றில் 100 மில்லி லிட்டருக்கும் மேலான ஆக்சிஜன் உண்டாகும். அவ்வாயு இரத்தக் குழாய்களில் புகுந்து மூளைக்கோ இதயத்துக்கோ செல்லும் ஓட்டத்தை அடைத்துவிடலாம். புற்றுநோய் முதலியவற்றைக் குணப்படுத்தும் என்று கூறி இது விற்கப்பட்டதை அடுத்து, 2006இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாக எச்சரிக்கை விடுத்தது. சில சொட்டுகளை நீரில் கலந்து குடித்தால் உடலுக்கு ஆக்சிஜன் ஏறும் என்ற பேச்சுக்கு அறிவியல் ஆதாரம் ஏதுமில்லை. உடலுக்கு ஆக்சிஜனை ஊட்டுவது நுரையீரலே.

செறிந்த கரைசலின் மற்றொரு குணத்தைத் தீப்பெட்டித் தொழில் செழித்த கோவில்பட்டிப் பகுதியினருக்கு எளிதில் விளக்கலாம். தீக்குச்சித் தலையில் உள்ள பொட்டாசியம் குளோரேட், தான் எரியாமல், பிற பொருள் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுப்பதைப் போலவே பெராக்சைடும் எரிதலைத் தூண்டுகிறது. 50 சதவீதக் கரைசல் சிந்திய பஞ்சுக் கழிவோ மரத்தூளோ சாக்குத்துணியோ அப்படியே விடப்பட்டால், தீப்பொறி எதுவுமின்றியே பற்றிக்கொள்ளலாம். 2000 ஆகஸ்டில் ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல் குர்ஸ்க் 118 பேருடன் மூழ்கியதற்கு, டார்பிடோவில் இருந்த உயர்செறிவுப் பெராக்சைடு கசிந்து வெடித்ததே காரணம் என விசாரணை முடிவு கூறியது. பட்டறைக் கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றி, குளிர்பானப் பாட்டிலில் அடைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்வது அறவே கூடாது. குழந்தைகள் தண்ணீரென்று குடித்துவிடும் அபாயம் ஒருபுறமிருக்க, இறுக மூடிய பாட்டிலில் வாயு சேர்ந்து வெடிக்கவும் கூடும். அதற்கென அமைந்த கேன் மூடிகளில் வாயு வெளியேறும் துளை இருப்பது இதனால்தான்.

வீட்டில் இதற்கு உண்மையாகவே பயன் உண்டு. துணியில் பட்ட இரத்தக்கறையை நீக்கவும், துடைத்துச் சுத்தம் செய்த மேடை, கைப்பிடி முதலியவற்றைக் கிருமிநீக்கம் செய்யவும் 3 சதவீதக் கரைசல் போதும். மேற்பரப்பு சில நிமிடங்கள் ஈரமாக இருக்க வேண்டும். சாயத்துணியில் சோதித்துப் பார்க்காமல் ஊற்றினால் நிறம் வெளுத்துவிடும். காயத்துக்கோ ஓடும் நீரும் சோப்பும் மேலானவை. தினந்தோறும் பெராக்சைடு விட்டால் புதிதாக வளரும் திசுவும் சேதமடைந்து ஆறுவது தாமதமாகிறது. ஆழமான புண்ணுக்குள் பீய்ச்சுவது, வாயு இரத்தத்தில் புகும் வழியாகிவிடும். வினிகருடன் ஒரே பாத்திரத்தில் கலந்தால் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும் பெராசிடிக் அமிலம் உருவாகும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தாலும் வாயு வேகமாகப் பொங்கித் தெறிக்கும்.

வெயிலும் வெப்பமும் சிதைவை விரைவுபடுத்துவதால், கரிசல் காட்டுக் கோடையில் இச்சீசாவை ஜன்னலோரத்தில் வைக்காமல், ஒளிபுகாத அதே சீசாவில், நிழலான இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைப்பது நல்லது. வெளியே ஊற்றியதை மீண்டும் சீசாவுக்குள் விடக்கூடாது. உலோகத் துகளும் தூசியும் சிதைவைத் தூண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் 108ஐ அழைத்து, சீசாவையும் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்தே மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்வார்.