மாதரும் மேடையும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் பெருஞ்சாலையில், வில்லியனூரைக் கடந்து சிறிது தூரம் சென்றால் அரியூர் என்னும் கிராமம் இருக்கின்றது. நெல்லும் கரும்பும் விளையும் பூமி. இவ்வட்டாரத்தில் நடவு நாட்களில் வரப்போரமாக நின்று கேட்டவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்களின் வரிசையில் ஒருத்தி ஓரடியை எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். கையின் கதியும் பாட்டின் கதியும் ஒன்றாகிவிடும். பிள்ளை உறங்கத் தாலாட்டு, மணத்துக்கு நலுங்கு, பொங்கலுக்குக் கும்மி, சாவுக்கு ஒப்பாரி என்று, பிறப்பு முதல் இறப்பு வரையில் நம் கிராமங்களின் சங்கீதத்தில் பெரும்பகுதி மாதர் வாயிலேதான் வாழ்ந்து வந்திருக்கின்றது. 1908 முதல் 1918 வரையில் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், தமது குயில் பாட்டில், நெல் குற்றும் பெண்களின் பாட்டையும் பண்ணைப் பெண்களின் பாட்டையும் கும்மியையும் பெரிய சங்கீதங்களோடு சமமாக வைத்து எண்ணினார். கேட்கத் தெரிந்த செவி அது.

அதே கிராமங்களில் திருவிழா வருகின்றது. திரௌபதியம்மன் கோயிலின் எதிரே கூத்துக் களம் அமைகின்றது. நள்ளிரவில், துரியோதனன் சபையில் நியாயம் கேட்கும் திரௌபதி களத்தில் தோன்றுகின்றாள். மரபின்படி அந்த வேஷத்தைத் தரித்திருப்பவர் ஓர் ஆடவர். அவருடைய திறமையை நாம் குறை கூறவில்லை. அவர் அழுதால் ஊரே அழுகின்றது. ஆயினும், பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சபையில் எடுத்துரைப்பதற்கும் ஆணின் குரலே வேண்டியிருக்கின்றது என்பதை நாம் சிந்தித்ததுண்டா? பகல் முழுவதும் வயலில் பாடியவள் இரவில் தரையில் அமர்ந்து கேட்கின்றாள். பாட்டு அவளுடையது, களம் அவளுடையதன்று.

இந்த எண்ணத்தோடுதான், புஷ்ய பகுள பஞ்சமியன்று ஆராதனையைக் காண நாம் திருவையாற்றுக்குச் சென்றோம். காவிரிக்கரையில் பெரும் பந்தல். வித்துவான்களும், விதுஷிகளும், மாணவ மாணவிகளும் நூற்றுக்கணக்கில் கூடி, நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடியும் பஞ்சரத்தினக் கீர்த்தனங்களை ஒரே குரலாகப் பாடுகின்றார்கள். எங்கே ஆண் குரல் முடிகின்றது, எங்கே பெண் குரல் தொடங்குகின்றது என்று பிரித்தறிய இயலவில்லை. ஆதிகாலம் முதலே இப்படித்தான் இருந்தது போலும் என்று புதிதாக வருகின்றவர் நினைப்பார். அது உண்மையன்று. தியாகையரின் சமாதிக்கு அருகே இருக்கும் ஒரு பெண்மணியின் நினைவிடமும் சிலையும் வேறொரு கதையைச் சொல்லுகின்றன. அவர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்த நஞ்சன்கூட்டில் 1878-இல், தேவதாசி குலத்தில் பிறந்தவர் அவர். சங்கீதத்தில் மட்டுமன்றிச் சம்ஸ்கிருதத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் புலமை பெற்றவர். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி என்னும் பெண் கவி தெலுங்கில் இயற்றிய ராதிகா ஸாந்த்வனமு என்ற காவியத்தை, விடுபட்ட பகுதிகளையும் சேர்த்து 1910-இல் பதிப்பித்தார். பெண் இயற்றிய சிருங்கார காவியத்தைப் பெண்ணே பதிப்பிப்பதா என்று கூக்குரல் எழுந்தது. மறு ஆண்டே அந்நிய அரசாங்கம் நூலைத் தடை செய்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அத்தடை நீடித்தது. ஆண் கவிகள் இயற்றிய சிருங்காரம் அலமாரிகளில் பத்திரமாக இருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

1921-இல், தியாகையரின் சமாதி பாழடைந்து கிடக்கின்றது என்ற செய்தி அவருக்கு எட்டியது. அவர் தம் சேமிப்பையும் நகைகளையும் செலவிட்டு அவ்விடத்தில் கோயில் எழுப்பினார். 1925 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடந்தது. கோயிலை எழுப்பியவர் பெண். அங்கே ஆண்டுதோறும் ஆராதனை நடத்தி வந்தவர்களோ ஆடவர்கள். அவர்களும் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். எத்தனையோ விஷயங்களில் ஒன்றுபடாத அவ்விரு கட்சியாரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருந்தனர்: ஆராதனையில் பெண்கள் பாடலாகாது. தாம் கட்டிய கோயிலில் நாகரத்தினம்மாள் கும்பிடலாம்; பாட முடியாது!

அவர் என்ன செய்தார்? வருந்தி வீடு திரும்பவில்லை. விண்ணப்பம் எழுதிக்கொண்டு காத்திருக்கவுமில்லை. 1927-இல், தம் மரபைச் சேர்ந்த பெண் கலைஞர்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். சமாதியின் முன்புறம் ஆடவர் கையில் இருந்தது. சரி, பின்புறம் இருக்கின்றதே! அங்கே அமர்ந்து அப்பெண்கள் பாடினார்கள். ஊரார் அதற்குப் பெண்கள் கட்சி என்று பெயரிட்டனர். பந்தல் முதல் பாட்டு வரையில் மாதரே நடத்திய சங்கீத உத்ஸவம் தமிழ்நாட்டில் இவ்வாறு ஒரு கோயிலின் பின்புறத்தில் நடந்தேறியது.

ஆண்டுகள் கழிந்தன. பின்புறத்துப் பாட்டு ஓயவில்லை. இறுதியில் மூன்று கட்சிகளும் ஒன்றுபட்டன. 1941-இல் ஆராதனை ஒரே விழாவாக நடந்தது. பெண்களும் அதில் பாடினார்கள். நாகரத்தினம்மாள் அத்துடன் அமைதி கொண்டுவிடவில்லை. 1949-இல் எழுதிய உயிலில் தம் சொத்துக்களைத் தர்மத்துக்கு விட்டு, விழாவில் ஆடவருக்குள்ள உரிமை மாதருக்கும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை செய்துவைத்தார். வாய்மொழியாகக் கிடைத்த உரிமை வாய்மொழியாகவே பறிபோகவும் கூடும் என்பதை அறிந்தவர் அவர். 1952 மே மாதத்தில் காலமானார்.

இக்கதையை நாம் எடுத்துக் கூறுவதற்குக் காரணமுண்டு. மாதர் தாமே கூடி நடத்தும் கலைவிழா என்றவுடன், அரசியல் அன்பர்களிடமிருந்து இரண்டு ஆட்சேபங்கள் தவறாமல் எழுகின்றன.

முதலாவது, இது பிரிவினை என்பது. ஆணும் பெண்ணும் சேர்ந்து உழைக்க வேண்டிய காலத்தில் தனிப் பந்தல் எதற்கு என்று கேட்கின்றனர். திருவையாறு இதற்கு விடை சொல்லுகின்றது. பிரிவினையைச் செய்தவர்கள் கதவை அடைத்தவர்களே அன்றி, வெளியே நின்று பாடியவர்கள் அல்லர். அப்பெண்கள் தனியே பாடியிராவிட்டால், இன்று நாம் கேட்டு மெய்சிலிர்க்கும் அந்த ஒருமித்த குரல் உண்டாகியிருக்குமா? தனி மேடை ஒற்றுமைக்கு விரோதமானதன்று. சமமானவர்களாகக் கூடுவதற்கு அதுவே வழியாக அமைந்தது. பதினான்கு ஆண்டுகள் பின்புறத்தில் பாடியவர்கள்தான் முன்புறத்தைப் பொதுவாக்கினார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் சற்றுக் கடினமானது. அதே 1927-இல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். நாகரத்தினம்மாள் அதை எதிர்த்து நின்ற தேவதாசிகளின் முன்னணியில் இருந்தார். அவரை எவ்வாறு பெண் விடுதலைக்கு உதாரணமாகக் காட்டலாம் என்று சிலர் கேட்கக்கூடும். பொட்டுக் கட்டும் வழக்கம் ஒழிய வேண்டியதே. அதில் நமக்கு ஐயமில்லை. அக்குலத்திலேயே பிறந்து, அதன் கொடுமையை அனுபவித்தறிந்து, 1936-இல் தாசிகள் மோசவலை என்ற நாவலை எழுதிய மூவலூர் ராமாமிர்தம் அம்மாளின் சாட்சியம் ஒன்றே போதும். 1947-இல் சட்டம் நிறைவேறியது நன்மையே. ஆனால் அந்த நன்மையோடு ஓர் இழப்பும் நேர்ந்தது. வழக்கத்தை ஒழித்தவர்கள், அவ்வழக்கத்தில் அகப்பட்டிருந்த கலைஞர்களுக்கு வேறு மேடை அமைத்துத் தரவில்லை. சதிர் வேறு பெயர் பெற்றது. வேறு குலத்துப் பெண்கள் அதை ஆடினர். அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களில் பலர் மறைந்து வாழ்ந்தனர். ஒருவருக்கு நன்மை செய்யும்போதுகூட அவரையும் கேட்டுச் செய்ய வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

திருவையாற்றில் நடந்தது உயர்ந்த சபைக்குரிய சங்கீதம். எங்கள் கிராமத்துப் பெண்களுக்கு அதில் என்ன இருக்கின்றது என்று அரியூர்வாசி ஒருவர் கேட்டால், அவரைத் திண்டுக்கல் பக்கம் அழைத்துச் செல்லுவோம். அங்கே 1990-கள் முதல் சகோதரி சந்திராவின் முயற்சியால் வளர்ந்துவந்த சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த இளம் பெண்கள் பறை கொட்டப் பயில்கின்றார்கள். பறை எத்தகைய வாத்தியம் என்பது யாவருக்கும் தெரியும். சாவுக்குக் கொட்டுவது என்றும், இழிந்த தொழில் என்றும் சொல்லி, அதைக் கொட்டியவர்களையே ஊருக்கு வெளியே நிறுத்திய சமுதாயம் நம்முடையது. அதிலும் பெண் அதைத் தொடுவது வழக்கமில்லை. அந்தப் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக அடிவைத்து ஆடும்பொழுது இரண்டு தளைகள் ஒருங்கே அறுபடுகின்றன: ஒன்று சாதியினுடையது, மற்றொன்று பெண் என்பதனுடையது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் 2002 முதல் 2020 வரையில் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்திலே பெண் குழந்தைகளும் கூத்துப் பயின்று, கிரீடமும் புஜக்கட்டையும் தரித்துக் களத்தில் இறங்கினார்கள். களம் இடிந்து விழவில்லை. பாரதக் கதையும் கெட்டுவிடவில்லை.

அந்நிய நாடுகளிலும் இவ்வனுபவம் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் 1976 முதல் 2015 வரையில் ஆண்டுதோறும் மாதர் சங்கீத விழாவொன்று நடந்தது. அதே நாட்டில் ஒலிம்பியா நகரில் 2000-இல் தொடங்கிய லேடிஃபெஸ்ட் என்னும் பெண்கள் கலைவிழா, பின்னர் வேறு பல நகரங்களிலும் அவ்வவ்வூர்ப் பெண்களாலேயே நடத்தப்பட்டது. இவற்றில் பாடியவர்கள் மட்டுமல்லர், மேடை கட்டியவர்களும், விளக்கையும் ஒலிபெருக்கியையும் இயக்கியவர்களும், கணக்கு எழுதியவர்களும் பெண்கள். நம் நாட்டு அன்பர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் அம்சம் இதுவே. நம் கட்சிக் கூட்டங்களில் பெண்ணுக்கு இடம் இல்லாமலில்லை. கூட்டத் தொடக்கத்தில் ஒரு சிறுமி வாழ்த்துப் பாடுகின்றாள், கைதட்டுகின்றோம், அவள் இறங்கிவிடுகின்றாள், பின்னர் மூன்று மணி நேரம் நாம் பேசுகின்றோம். அலங்காரத்துக்கு இடம் கொடுப்பது வேறு. அதிகாரத்தில் இடம் கொடுப்பது வேறு.

அரியூரைப் போலவே வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டுமென்றனர். பிரெஞ்சு ஆட்சி சாலை போட்டது, பள்ளிக்கூடம் வைத்தது என்று சொல்லியவர்கள் அன்றும் இருந்தார்கள். பிறர் தரும் நன்மை தன்னாட்சிக்கு ஈடாகாது என்பதே நமது விடையாக இருந்தது. தேசத்துக்கு நாம் கேட்ட நியாயத்தை வீட்டிலும் வீதியிலும் உள்ள மாதருக்கு மறுப்பது எந்த நியாயம்?

ஆகவே, அரியூரிலும், வில்லியனூர், பாகூர் வட்டாரத்து ஏனைய ஊர்களிலும் மாதர் கலைவிழா நடைபெற வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அதற்குப் பெருந்தொகை வேண்டுவதில்லை. கோயில் திடலோ பள்ளிக்கூட மைதானமோ ஓரிரவுக்குக் கிடைத்தால் போதும். ஆனால் சில விஷயங்களில் உறுதி வேண்டும். நடத்தும் குழுவும் பணப்பெட்டியும் மாதரிடமே இருக்க வேண்டும். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அறிந்த முதிய பெண்களை முதலில் மேடையேற்ற வேண்டும். நடவு இயந்திரம் வயலில் இறங்கிவிட்டது, அவர்களோடு அப்பாட்டுக்களும் மறைந்துவிடுமுன் இளம் பெண்கள் அவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். வித்துவானுக்குச் சன்மானம் உண்டென்றால் ஒப்பாரி பாடும் பாட்டிக்கும் சன்மானம் உண்டு. தேங்காயும் பழமும் கொடுத்து அனுப்பிவிடலாகாது. ஊரின் எந்தத் தெருவிலிருந்தும் பெண்கள் அச்சமின்றி வரவும், நள்ளிரவில் அச்சமின்றி வீடு திரும்பவும் ஏற்பாடு வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாத விழா, எவ்வளவு சிறந்த பாட்டு இருந்தாலும், தெருவாரியாகவும் சாதிவாரியாகவும் சுருங்கிப்போகும்.

ஆடவராகிய நமக்கு அங்கே வேலையில்லையா என்று கேட்கலாம். உண்டு. பந்தற்கால் நடலாம், தண்ணீர் கொண்டுவந்து வைக்கலாம், அன்றிரவு வீட்டில் உலை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு, இடமிருந்தால், தரையில் அமர்ந்து கேட்கலாம். இத்தனை தலைமுறைகளாக அவர்கள் தரையில் அமர்ந்து நம்மைக் கேட்டார்கள். ஓரிரவு நாம் கேட்பதனால் நமக்குக் குறைவு எதுவும் வந்துவிடாது.

திருவையாற்றில் பின்புறத்துப் பாட்டு முன்புறத்துக்கு வருவதற்குப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. அரியூரில் அத்தனை காலம் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. அங்கே வழியை மறித்து நின்றவர்கள் ஆடவர்கள். இங்கே வழிவிட வேண்டியவர்களும் ஆடவர்களே; இதைப் படித்துக்கொண்டிருக்கும் நாமே.