நாய்க்கு ஓயாத வயிற்றுப்போக்கு, கூடவே பின்னங்கால் தளர்ச்சி: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

நாலு நாள் நன்றாகச் சாப்பிடும், ஐந்தாம் நாள் வாந்தி எடுக்கும். மலம் ஒரு வாரம் கெட்டியாக இருக்கும், மறுவாரம் தண்ணீராகப் போகும். இதற்கிடையில் படி ஏறத் தயங்கும், காலையில் எழும்போது பின்னங்கால் நடுங்கும்.

இப்படி ஒரு நாய் வீட்டில் இருந்தால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்றோ, "எதையோ தின்னிருக்கும், சரியாப் போயிடும்" என்றோ விட்டுவிடுகிறோம். ஆனால் மூன்று வாரத்தைத் தாண்டியும் தொடரும் வயிற்றுக் கோளாறை நாள்பட்ட நோயாகவே கால்நடை மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதோடு நடையும் மாறினால் காரணத்தைத் தேட வேண்டும். வயசு என்பது நோயின் பெயர் அல்ல.

பினாங்குத் தீவின் தென்கிழக்கில் இருக்கும் பாயான் லெப்பாஸ் போன்ற, ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் இந்தத் தேடல் எங்கிருந்து தொடங்குகிறது?

வயிறும் காலும்: ஒரே நோயா, இரண்டா?

மருத்துவர் முன்னால் மூன்று சாத்தியங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஒரே நோய் இரண்டு இடத்திலும் தெரிவது. உண்ணி மூலம் பரவும் காய்ச்சல், அட்ரினல் சுரப்பிக் குறைபாடு, எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் ஆகியவை இந்த வகை.

இரண்டாவது, இரண்டு நோய்கள் ஒன்றாக இருப்பது. ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறும் அதிகம், கணையம் போதிய செரிமான நொதி சுரக்காத நோயும் அதிகம். ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் மற்றது அப்படியே நிற்கும்.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு தொல்லைக்குக் கொடுத்த மருந்தே மற்றதை உண்டாக்குவது. மூட்டுவலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கலாம். இடுப்பு வலியால் குந்த முடியாத நாய் மலத்தை அடக்கி, மலச்சிக்கலில் போய் நிற்கலாம்.

உண்ணிக் காய்ச்சல் ஏன் முதலில் சந்தேகிக்கப்படுகிறது?

நம் ஊரில் நாய்களைத் தாக்கும் பழுப்பு நாய் உண்ணி, வீட்டுக்குள்ளேயே தன் வாழ்க்கையை முழுதாக முடித்துக்கொள்ளும். ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தோட்டம் இருக்கணும் என்று இல்லை. அடுக்குமாடி வீடும் அதற்குப் போதும்.

இந்த உண்ணி பரப்பும் கிருமிகளில் முக்கியமானது எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா. இது முதன்முதலில் 1935-இல் அல்ஜீரியாவில் விவரிக்கப்பட்டது. 1960-களில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நாய்களும், வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்களும் ரத்தக்கசிவு, மெலிவு எனப் பெரும் எண்ணிக்கையில் நோயுற்றன. அந்த நாய்களுக்குப் பின்னால்தான் உலகம் இந்நோயைத் தீவிரமாகக் கவனித்தது.

இதன் ஆபத்து, ஒளிந்திருக்கும் தன்மையில் உள்ளது. கடிபட்ட ஓரிரு வாரத்தில் காய்ச்சல், பசியின்மை, சோர்வு வரலாம். பிறகு தானாகவே சரியானது போல் தெரியும். மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில் கிருமி உடலிலேயே தங்கி, பின்னர் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கலாம். மூட்டுகள் வீங்கி நொண்டுவதும், எடை குறைவதும், ரத்தத் தட்டணுக்கள் சரிந்து மலத்தில் ரத்தம் போவதும் இதனால் நடக்கலாம்.

ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மருந்தை 28 நாள் கொடுப்பது வழக்கமான சிகிச்சை. நாலு நாளில் தெம்பு வந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. வெறும் வயிற்றில் கொடுத்தால் இம்மருந்தே வாந்தியைத் தரலாம் என்பதால், உணவோடு கொடுத்துத் தண்ணீரும் குடிக்க வைக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் உண்ணியின் தலையில் போட்டுவிடவும் முடியாது. உடனடிப் பரிசோதனைக் கருவி காட்டும் எதிர்ப்பணு, பழைய தொற்றின் தடமாகவும் இருக்கலாம். தட்டணு எண்ணிக்கை, அறிகுறி, தேவைப்பட்டால் பிசிஆர் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள்.

வேஷம் போடும் அட்ரினல் நோய்

அடிசன் நோய் என்பது அட்ரினல் சுரப்பி போதிய ஹார்மோன் தராத நிலை. வாந்தி, பேதி, நடுக்கம், பின்னங்கால் தளர்ச்சி என்று வந்து வந்து போகும். ட்ரிப் ஏற்றினால் நாய் எழுந்து நடக்கும், சில வாரத்தில் மறுபடியும் படுக்கும். ரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடுவது ஒரு தடயம். ஆனால் எல்லா நாய்களிலும் அது தெரியாது. அப்போது கார்டிசோல் அளவைப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டை முன்பே கொடுத்திருந்தால் இந்தப் பரிசோதனை முடிவு குழம்பும். அதனால்தான் "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று கேட்கும்போது, நல்ல மருத்துவர் முதலில் ரத்தம் எடுக்கிறார்.

கிளினிக்கில் எந்த வரிசையில் பரிசோதிப்பார்கள்?

முதலில் செலவு குறைந்தவை. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு, ஜியார்டியா போன்றவை தெரியும். ஒரு முறை தெரியவில்லை என்றால் புழுவே இல்லை என்று ஆகாது. அடுத்து ரத்த அணு எண்ணிக்கை, சிறுநீரகம், கல்லீரல், உப்பு அளவுகள்.

காலைப் பொறுத்தவரை அடிப்படைக் கேள்வி ஒன்று: இது வலியா, பலவீனமா? பாதத்தின் மேற்புறம் தரையில் படும்படி மருத்துவர் மடக்கி வைப்பார். மூட்டு வலி மட்டும் உள்ள நாய் பொதுவாக உடனே காலைத் திருப்பிவிடும். தாமதித்தால் முதுகுத் தண்டு அல்லது நரம்புக் கோளாறு என்ற பக்கம் தேடல் திரும்பும். அதற்குப் பிறகே எக்ஸ்ரே, ஸ்கேன்.

உணவு ஒவ்வாமையைச் சோதிக்க மருத்துவர் சொல்லும் ஒரே உணவை மட்டும் குறைந்தது இரண்டு வாரம் கொடுக்க வேண்டும். யாராவது பாசத்தில் ஒரு துண்டு ரொட்டி சானாய் கொடுத்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வசதி இல்லையென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லலாம். "எதை முதலில் செய்தால் சிகிச்சை மாறும்?" என்று கேட்பது நல்ல கேள்வி.

வீட்டில் எதைக் குறித்து வைக்கணும்?

1972 முதல் தொழிற்பேட்டை இயங்கும் பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைய. ஒருவர் சாப்பாடு வைப்பார், இன்னொருவர் மலத்தை அள்ளுவார். இருவர் பார்த்ததும் ஒரே தாளில் சேரவேண்டும்.

• மலம்: அளவு அதிகமாக, எடையும் குறைந்தால் சிறுகுடல் சந்தேகம். கொஞ்சம் கொஞ்சமாக, சளியோடு அடிக்கடி போனால் பெருங்குடல்.

• நடை: வீட்டில் எடுத்த காணொளி. கிளினிக்கில் பதற்றத்தில் பல நாய்கள் நொண்டுவதை மறைத்துவிடும்.

• நகம்: ஒரு காலின் நகம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தக் காலை இழுக்கிறது என்று பொருள்.

• மருந்து: கடைசி உண்ணி மருந்து, புழு மாத்திரை கொடுத்த தேதி. நாட்டு மருந்து உட்பட வாயில் போன எல்லாம்.

எதைச் செய்யவே கூடாது?

வீட்டில் இருக்கும் இபுப்ரோஃபென், பனடோல் போன்றவற்றை நீங்களாகக் கொடுக்கக் கூடாது. இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும், பாராசிட்டமால் கல்லீரலையும் ரத்த அணுக்களையும் கெடுக்கும். மூட்டுவலிக்கான சில பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலக்கப்படுவதாக மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. நாய்க்கு அதைக் கொடுத்துவிட்டு, மருத்துவர் தரும் வலிமாத்திரையையும் கொடுத்தால் இரைப்பையில் ஓட்டையே விழலாம்.

வெங்காயம், பூண்டு சேர்ந்த கறிக்குழம்பு மிச்சமும் வேண்டாம். அவை சிவப்பணுக்களை உடைக்கும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

தார் போன்ற கறுப்பு மலம், வெளுத்த ஈறு, வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரிப்பது, திடீரென எழ முடியாமல் போவது, சிறுநீர் வராதது ஆகியவை அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.

இன்னொன்று: சில நாட்களுக்குள் விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகி, நடை தள்ளாடி, குணமும் மாறினால் வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காதீர்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் ரேபிஸ் உறுதியானது. சந்தேகம் இருந்தால் நாயைத் தனிமைப்படுத்திவிட்டு கால்நடை சேவைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

தடுக்க முடியுமா?

எல்லாவற்றையும் முடியாது. உண்ணியைத் தடுக்க முடியும். மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் மாத்திரைகள் கிடைக்கின்றன. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் குளிர்காலம் இல்லாததால் உண்ணிக்கு விடுமுறையும் இல்லை. மருந்தை ஆண்டு முழுவதும் தொடர வேண்டும், வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும்.