கதாநாயகன் வில்லனான கதை

ஷ்வேப்யிதாவில் நம் வீட்டுப் பெரியவர்களிடம் நடிகர் ஜெய்சங்கரைப் பற்றிக் கேட்டால், கௌபாய் படங்களைத்தான் முதலில் சொல்வார்கள்.

1965-இல் 'இரவும் பகலும்' படத்தில் நாயகனாக அறிமுகமானவர் அவர். 1972-இல் கர்ணன் இயக்கிய 'கங்கா', 'ஜக்கம்மா' படங்களில் குதிரையும் துப்பாக்கியுமாக வந்து, அமெரிக்கக் கௌபாய் கதைகளைத் தமிழில் பேச வைத்தார்.

1980-இல் வந்தது 'முரட்டுக்காளை'. ரஜினிகாந்த் நாயகன், ஜெய்சங்கர் வில்லன்! பதினைந்து ஆண்டு நாயகனாக நின்றவர், இளையவரிடம் தோற்கும் வேடத்தை ஏற்றார். அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. வில்லனாகவும் குணச்சித்திர நடிகராகவும் மேலும் பல படங்களில் நடித்தார்.

நம் வாலிபர் கூட்டத்தில் கிதாரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, பின்வரிசையில் நின்று கோரஸ் பாட நமக்கு மனம் வருமா? யோவான்ஸ்நானனுக்கு வந்தது. நாமும் இந்த ஞாயிறு முயன்று பார்ப்போம்.