படம் உங்கள் சுவரில், உரிமை யார் கையில்?

மாரி தொடங்க முன்னர் வீட்டிலுள்ள பழைய ஓவியங்களைப் படம்பிடித்துப் பதிந்து வையுங்கள் என்று எழுதியிருந்தோம். வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் ஒரே குழப்பம்: "மாற்கு மாஸ்ரர் தந்த படம் எங்களிடம் இருக்கிறது. அதை முகநூலில் போடலாமா?" ஐப்பசி நெருங்கிவிட்டதால் இதற்கே முதலில் பதில்.

1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் ஓவியரும் ஆசிரியருமான மாற்கு தம் ஓவியங்களில் பெரும்பகுதியை இழந்தார். 2000இல் மன்னாரில் காலமானார். எஞ்சியவற்றில் பல, அவர் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தவை. 1987இல் அவருடைய அன்பர்கள் சேர்ந்து 'தேடலும் படைப்புலகமும்' என்ற சிறப்பு மலரைக் கொண்டுவந்தார்கள். எட்டு வருடங்களில் அசல்கள் போய்விட, அந்த மலரின் பெறுமதி பல மடங்காயிற்று. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத் திட்டத்தால் இப்படிப்பட்ட ஈழத்து வெளியீடுகள் இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. மலரையும் மின்னூலகத்தையும் உருவாக்கியது எந்தத் திணைக்களமும் அல்ல.

இனிச் சட்டம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓவியருக்குப் பின் 70 வருடங்கள் பதிப்புரிமை நீடிக்கும். மாற்குவின் படைப்புகளுக்கு அது 2070 வரை. இதைப் 'பாதுகாப்பு' என்கிறார்கள். சட்டம் காப்பது படைப்பின் மீதான உரிமைகளையே. கறையான் அரிக்கும் தாளை அல்ல.

என்னை உறுத்துவது இன்னொரு ஏற்பாடு. ஓவியர் விற்ற அல்லது அன்பளிப்பாகக் கொடுத்த படத்தை, வைத்திருப்பவர் யாரையும் கேளாமல் மண்டபத்தில் மாட்டி ஊருக்கே காட்டலாம். அதே படத்தை முகநூல் போன்ற திரையில் காட்டினால் அந்த விலக்கு பொருந்தாது. வாரிசின் சம்மதம் வேண்டும். ஆக, முள்ளியவளையில் மாட்டிய படத்தை ரொறன்ரோவிலிருக்கும் பழைய மாணவருக்குத் திரையில் காட்டுவதற்குச் சட்டம் தயங்குகிறது. சிதறிப்போன சமூகத்துக்கு மண்டபத்தைவிடத் திரைதான் கிட்ட. வாரிசைத் தேடலாம் என்றால், போரில் ஆளும் பத்திரமும் தொலைந்த குடும்பங்கள் எத்தனை! உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்கு பிரிட்டன் 2014இல் தனி அனுமதி முறை கொண்டுவந்தது. நம் சட்டத்தில் அப்படியொரு வாசல் இல்லை. இதைத் திருத்தக் கேட்பது கலைஞருக்கு எதிரான வேலை அல்ல, அவரை மறக்கவிடாத வேலை.

அன்பளிப்பு என்பதற்கு அத்தாட்சி? படத்தின் பின்புறம். பெயர், திகதி, "அன்புடன்" என்ற ஒரு சொல், பென்சிலில் மங்கிப்போயிருந்தாலும் போதும். முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுச் படச்சட்டத்தைத் திரும்ப மாட்டிவிடாதீர்கள். நிழல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், இரு பக்கமும் எடுங்கள். யார், எந்த ஊரில், எப்போது வாங்கினார் என்பதை வீட்டின் மூத்தவர் வாயால் சொல்லவைத்துப் பதியுங்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கையொப்பம் இல்லையே? பரவாயில்லை, கிடைத்த கதையை எழுதி வையுங்கள்.

விற்கலாமா? படத்தை விற்கலாம், பதிப்புரிமை அதனுடன் போகாது.

நிறம் உதிர்கிறது, தீட்டலாமா? வேண்டாம். படைப்பைச் சிதைப்பதை ஆட்சேபிக்கும் உரிமையும் சட்டத்தில் உண்டு.

லமினேற் பண்ணலாமா? கூடவே கூடாது.

பொலித்தீனில் சுற்றலாமா? ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, நிலத்தில் படாமல், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

யாரிடமாவது ஒப்படைக்கவேண்டுமா? அவசியமில்லை, அசல் உங்களிடமே இருக்கட்டும், பதிவின் ஒரு பிரதியாவது வேறொரு ஊரில் இருக்கட்டும்.