பல் வெளுக்குமா? பணம் கரையுமா?



மகளின் திருமணம் முடிந்து மணவறையில் குடும்பப் படம் எடுக்கிறார்கள். படம் எடுப்பவர் “எல்லாரும் சிரிங்க” என்கிறார். மாப்பிள்ளை சிரிக்கிறார், பெண் சிரிக்கிறாள். பெண்ணைப் பெற்றவள் மட்டும் முந்தானையை எடுத்து வாயை மறைத்துக் கொள்கிறாள். மனத்தில் மகிழ்ச்சி இல்லாமலா? இல்லை. பல்லின் நிறத்தை நினைத்து வெட்கம்! இந்தக் காட்சியை நம் தோட்டங்களில் காணாதவர் யார்?

இத்தனைக்கும் அந்தத் தாய் மூன்று மாதத்திற்கு முன்பிருந்தே பட்டணத்துக் கடையில் “வெண்மை தரும்” பற்பசையாகப் பார்த்து வாங்கித் தேய்த்திருப்பாள். சாதாரணப் பசையைவிட விலையும் அதிகம். குழாய் குழாயாகத் தீர்ந்ததே தவிர, பல் வெளுத்தபாடில்லை. ஏன்? பசை ஏமாற்றியதா, அவள் தேய்த்த முறை தவறா? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், வாருங்கள்.

கறை எங்கே இருக்கிறது?

பல்லின் வெளிப்புறம் எனாமல் என்னும் கடினமான ஓடு. நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். கண்ணாடி போல ஓரளவு ஒளியை ஊடுருவ விடும். அதன் கீழே இருக்கும் பகுதியின் நிறம் இயற்கையாகவே மஞ்சள். வயது ஏற ஏற எனாமல் தேய்கிறது. உள்ளே இருக்கும் மஞ்சள் வெளியே தெரிகிறது. ஆகவே பல் சற்று மஞ்சளாக இருப்பது நோயும் அல்ல, அழுக்கும் அல்ல.

கறையில் இரண்டு வகை உண்டு. தேநீர், கோப்பி, வெற்றிலை பாக்கு, சிகரெட் இவற்றால் பல்லின் மேல் படிவது ஒரு வகை. பல் உருவாகும்போதே உள்ளே ஏறிவிட்ட கறை மற்றொரு வகை. டெட்ராசைக்ளின் என்ற மருந்தை ஒரு காலத்தில் காய்ச்சலுக்கும் சளிக்கும் குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள். கர்ப்பிணிகளும் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் அதைச் சாப்பிட்டால், பிள்ளையின் பல்லில் சாம்பலும் பழுப்புமாகப் பட்டை விழும். அந்தத் தாய்க்குச் சிறு வயதில் நேர்ந்தது அதுவாக இருந்தால், எந்தப் பசையாலும் அதை எடுக்க முடியாது. அவள் மீது குற்றமே இல்லை!

பசைக்குள் என்ன இருக்கிறது?

வெண்மைப் பசைகள் பெரும்பாலும் செய்வது ஒரே வேலைதான். சிலிக்கா, சுண்ணாம்புத் தூள் போன்ற மெல்லிய பொடிகள் மேல் கறையைத் தேய்த்து எடுக்கின்றன. கோப்பிக் கறைக்கும் தேநீர்க் கறைக்கும் இது ஓரளவு பலன் தரும். நாள்தோறும் இரு வேளை தேய்த்தால் இரண்டு முதல் ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியலாம். ஆனால் பல்லின் சொந்த நிறத்தை அது மாற்றாது.

சில பசைகளில் நீலச் சாயம் சேர்ப்பார்கள். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிறோமே, அதே வித்தைதான். மஞ்சள் மறைந்து வெள்ளையாகத் தோன்றும். சில மணி நேரத்தில் போய்விடும்.

நிறத்தையே வெளுக்கச் செய்வது பெராக்சைடு என்னும் மருந்து. பல் மருத்துவர் அதைப் பற்களுக்கு அளவெடுத்த தட்டில் ஊற்றி, நாளுக்குச் சில மணி நேரம் வீதம் பல நாள் வைக்கச் சொல்வார். பசையிலோ அது இருந்தாலும் கொஞ்சம்தான். ஐரோப்பிய நாடுகளில் கடையில் விற்கும் பொருள்களுக்கு 0.1 விழுக்காடுதான் அனுமதி. நாமோ இரண்டு நிமிடம் தேய்த்துக் கொப்பளித்துத் துப்பிவிடுகிறோம். மருந்து எப்போது வேலை செய்வது? பொய்ப்பல்லும் அடைத்த பல்லும் எந்த மருந்துக்கும் வெளுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கரியும் உப்பும்

“எங்க பாட்டி உமிக்கரியில்தான் தேய்த்தாள்” என்பீர்கள். இப்போது அதே கரி, அழகான குழாயில் அடைபட்டுக் கடைக்கு வந்துவிட்டது! கரிப் பசை பல்லை வெளுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017இல் வந்த ஆய்வுரை சொல்கிறது. செங்கல் பொடி, உப்பு, எலுமிச்சை இவற்றை வைத்து அழுத்தித் தேய்ப்பதும் ஆபத்து. தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. எனாமல் போனால் மஞ்சள் இன்னும் அதிகமாகத் தெரியும்; குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் கூசும். வெளுக்கப் போய் மஞ்சளை வாங்கி வந்த கதைதான்!

வெற்றிலை போடுவோர் கவனத்திற்கு

வெற்றிலைக் கறை நாளடைவில் காரையாகக் கெட்டிப்பட்டு விடும். பசை அதைக் கரைக்காது; பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். ஆனால் கறையைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துள்ளது. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிந்தாலும், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தாலும், வாய் திறக்கச் சிரமப்பட்டாலும் நாள் கடத்தாதீர்கள். அங்கே தேவை பசை அல்ல, மருத்துவர்.

அப்படியானால் எதை வாங்குவது?

குழாயின் பின்புறத்தைப் பாருங்கள். ஃபுளோரைடு 1000 முதல் 1500 பி.பி.எம். வரை இருக்கிறதா? அதுதான் சொத்தையைத் தடுக்கும். குழாய் நீரில் ஃபுளோரைடு சேர்க்கும் திட்டத்தை நம் அரசாங்கம் 1972இல் நாடு முழுவதற்கும் ஏற்றுக்கொண்டது. ஆனால் கிணற்றையும் ஆற்றையும் நம்பியிருக்கும் இடங்களுக்கு அந்தப் பயன் எட்டாது. அங்கே பசையில் இருப்பதுதான் பாதுகாப்பு. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி அளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும்.

மென்மையான தூரிகையால் காலையிலும் இரவு படுக்கும் முன்பும் இரண்டு நிமிடம் தேயுங்கள். கோப்பி குடித்ததும் வாயைக் கொப்பளியுங்கள். வெண்மைப் பசைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்து வைத்து, அரசாங்கப் பல் கிளினிக்கிற்குப் போய்க் காரையை எடுத்து வாருங்கள். உங்கள் கறை எந்த வகை என்பதையும் அங்கேயே கேட்டுக் கொள்ளலாம்.

அடுத்த விசேஷத்தில் படம் எடுக்கும்போது, தாய்மார்களே, முந்தானையைக் கீழே விடுங்கள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய முகம் அது. மஞ்சள் பல்லாக இருந்தால் என்ன? பின்னாளில் அந்தப் படத்தில் உங்கள் பிள்ளைகள் தேடப்போவது பல்லின் வெண்மையை அல்ல, அம்மாவின் சிரிப்பைத்தான்!