கைகட்டி உட்காரும் பாடம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்

"கையைக் கட்டு, வாயில் விரலை வை." அங்கன்வாடிகளில் நாம் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. இருபது பிள்ளைகளின் சத்தத்தை அடக்கப் பணியாளர் சொல்வதுதான். அவர் மனதில் வேறு எண்ணம் இல்லை. ஆனால் நம் பாட்டன்மார் இதே கோலத்தில்தான் பண்ணையார் வாசலில் நின்றார்கள். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைகட்டி வாய்பொத்தி நிற்பதையே மரியாதை என்று நமக்குச் சொல்லிவைத்தார்கள். அந்தக் கோலத்தை மூன்று வயதுப் பிள்ளைக்கு முதல் பாடமாகத் திரும்பக் கொடுக்கலாமா?

அங்கன்வாடி என்றதும் சோறு, முட்டை, சத்துமாவு என்றுதான் நமக்கு நினைவு வருகிறது. அதில் தவறில்லை. 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. கூலி வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளையை நம்பி விட்டுச்செல்ல ஓர் இடமும், பிள்ளைக்கு ஒருவேளைச் சூடான சோறும் கிடைத்தது சாதாரண விஷயம் அல்ல.

ஆனால் அங்கன்வாடி சாப்பாட்டுக் கூடம் மட்டும் அல்ல. முன்பருவக் கல்வியும் அதன் வேலை. தமிழகத்தில் 54 ஆயிரத்துக்கும் அதிகமான மையங்கள் இருக்கின்றன. அவற்றுக்கான பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. அரசே ஆடு, பாடு, விளையாடு என்று சொல்லும்போது நம் பிள்ளை ஏன் கைகட்டி உட்கார வேண்டும்?

விளையாட்டே படிப்பு

"விளையாடத்தானே அனுப்புகிறோம், படிப்பு எங்கே?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. அந்தக் கவலையில்தான் கடன் வாங்கியாவது பிள்ளையை வேனில் ஏற்றித் தனியார் எல்கேஜிக்கு அனுப்புகிறார்கள்.

ஒரு பிடி புளியங்கொட்டையைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். பெரியது, சிறியது என்று பிரிக்கும். இரண்டிரண்டாக அடுக்கும். எந்தக் குவியலில் அதிகம் என்று பார்க்கும். கணக்கு அங்கே தொடங்கிவிட்டது. ஈர மண்ணில் வீடு கட்டும் விரல்களே நாளைக்குப் பென்சில் பிடிக்கும். "ஏன் இடிந்தது?" என்று கேட்டால், அது காரணம் யோசிக்கும். பல்லாங்குழியும் விடுகதையும் பாட்டியின் கதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. பிள்ளை தானே தேர்ந்தெடுத்து, தானே செய்து, செய்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். செயல்வழிக் கற்றல் என்பது இவ்வளவுதான்.

இது பிற்காலத்தில் பலன் தருமா? நம்மைப் போலவே ஒதுக்கப்பட்ட அமெரிக்கக் கறுப்பின மக்களின் பிள்ளைகளிடம் இதற்கு விடை கிடைத்தது. மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி நகரில் 1962-ல் பெரி பாலர் பள்ளி ஆய்வு தொடங்கியது. ஏழைக் குடும்பங்களின் கறுப்பினப் பிள்ளைகள் 123 பேர். அவர்களில் 58 பேருக்குப் பாலர் பள்ளி கிடைத்தது. 65 பேருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பள்ளியில் பிள்ளைகளே இன்று என்ன செய்வது என்று முடிவு செய்தார்கள், செய்தார்கள், பிறகு அதைப் பற்றிப் பேசினார்கள். ஆசிரியர்கள் வாரந்தோறும் வீட்டுக்குப் போய்த் தாயிடமும் பேசினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 40 வயதானபோது விசாரித்தார்கள். ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலருக்கு மேல் சம்பாதித்தவர்கள் பள்ளிக்குப் போனவர்களில் 60 சதவீதம்; போகாதவர்களில் 40 சதவீதம். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட முறை கைதானவர்கள் போனவர்களில் 36 சதவீதம். போகாதவர்களில் 55 சதவீதம்.

மிசிசிப்பித் தாய்மார்

அதே நாட்டில் தெற்கே, நிறவெறி கோலோச்சிய மிசிசிப்பி மாநிலத்தில், 1965 கோடையில் கறுப்பின மக்கள் 84 பாலர் மையங்களைத் திறந்தார்கள். மத்திய அரசின் 'ஹெட் ஸ்டார்ட்' திட்டப் பணம் வந்தது. மையங்களை நடத்தியது ஊர் மக்கள். பருத்திக் காட்டிலும் வெள்ளையர் வீட்டுச் சமையலறையிலும் வேலை செய்த பெண்கள் ஆசிரியர்கள் ஆனார்கள். அதிகம் படிக்காதவர்கள் என்று அவர்களை யாரும் தள்ளவில்லை.

ஆதிக்கக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. மையங்களுக்கு மிரட்டல் வந்தது. ஜான் ஸ்டென்னிஸ் என்ற செனட்டர் நிதியை நிறுத்தப் பாடுபட்டார். பணம் வராத மாதங்களில் பெண்கள் சம்பளம் இல்லாமலே மையங்களை நடத்தினார்கள். 1966 பிப்ரவரியில் பிள்ளைகளை பஸ்களில் ஏற்றித் தலைநகர் வாஷிங்டனுக்குக் கொண்டுபோய், நாடாளுமன்றக் குழுவின் அறையிலேயே விளையாட விட்டார்கள். அந்த மாதமே நிதி வந்தது. அமைப்பு சில ஆண்டுகளே நீடித்தது. ஆனால் பிள்ளையின் முதல் பள்ளியைத் தாங்களே நடத்த முடியும் என்று அந்தப் பெண்கள் காட்டிவிட்டார்கள்.

நம் உரிமை

அவர்கள் போராடிப் பெற்றதைக் கேட்பதற்கு நமக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-ல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகள் அனைத்திலும் விரைவில் அங்கன்வாடி அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரில் உத்தரவிட்டது. 2006 டிசம்பர் 13 உத்தரவு இன்னும் தெளிவானது. ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்து, அங்கன்வாடி இல்லாத கிராமக் குடியிருப்பு மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் கிடைக்க வேண்டும் என்றது.

மையம் எங்கே இருக்கிறது என்பது சாதாரணக் கேள்வி அல்ல. ஊர்த் தெருவில் இருந்தால், நம் பிள்ளை அங்கே போகத் தயங்குகிறது. போனாலும் ஓரத்தில் உட்காருகிறது. காலனியில் இருந்தால், ஊர்க்காரர்கள் பலர் பிள்ளையை அனுப்ப மறுக்கிறார்கள். மூன்று வயதிலேயே சாதி எல்லை போட்டுவிடுகிறது. நம் குடியிருப்பில் மையம் வேண்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அங்கே ஒரே பாயில் உட்கார வேண்டும். இரண்டையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? மையம் இல்லாத இடங்களில், கல்லூரி மாணவர்கள் வீடுவீடாகப் போய் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கணக்கெடுக்கலாம். அந்தப் பட்டியலோடு கிராம சபையில் தீர்மானம் போடலாம். வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு மனு கொடுக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்தலாம்.

மையம் இருக்கும் இடங்களில், வாரம் ஒரு நாளாவது தாயோ தகப்பனோ உள்ளே போய் உட்காரலாம். பாட்டிமார் கதை சொல்லலாம். பறை அடிக்கத் தெரிந்த இளைஞர் தாளத்துக்குக் கைதட்டிப் பிள்ளைகளை எண்ண வைக்கலாம். பதிவேடும் செல்போன் பதிவும் பார்த்து, எடை போட்டு, பாடமும் நடத்தும் பணியாளருக்கு அது உதவியே தவிர இடையூறு அல்ல. சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "என்ன சாப்பிட்டாய்?" என்பதோடு நிறுத்தாமல், "இன்று என்ன செய்தாய்?" என்றும் கேட்போம். அது சொல்லி முடிக்கும்வரை காது கொடுப்போம்.

நிமிர்ந்து நின்று கேள்வி கேட்கும் பழக்கம் கல்லூரிக்குப் போன பிறகு திடீரென்று வந்துவிடாது. அதற்கான வயது மூன்று.