மூலையில் ஒழுகும் வெளிச்சம்

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் உளுந்தூர்பேட்டையில் டி.டி.பி. கடை போட நினைத்தவர்கள் மானிட்டர் வாங்கச் சென்னைக்குப் பஸ் ஏறினார்கள். ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி, 15 அங்குல மானிட்டர் ஒன்றை எடுத்தால் அதன் கனம் பத்துப் பன்னிரண்டு கிலோ. திருச்சி பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் போட்டு, பெட்டி உருளாதபடி காலால் அண்டை கொடுத்துக்கொண்டே விழுப்புரம் தாண்டி ஊர் வந்து சேர வேண்டும். கடைக்காரர் விற்கும்போதே மேசையில் வைத்து, கனெக்‌ஷன் கொடுத்து, வெள்ளைத் திரையையும் கறுப்புத் திரையையும் காட்டித்தான் அனுப்பினார். அப்படிப் பார்த்து வாங்கியதுகூட ஊரில் போட்டதும் ஒரு மூலையில் ஊதா படர்ந்து நிற்கும்.

யாரும் பதறவில்லை. மானிட்டரின் மெனுவில் டீகாஸ் என்று ஒன்று இருந்தது. அழுத்தினால் ‘டொம்’ என்று ஒரு சத்தம், படம் ஒரு உலுக்கு உலுக்கி நிற்கும், கறை போயிருக்கும். அந்த மானிட்டருக்குள் இருந்தது பிக்சர் டியூப். அதன் கழுத்திலிருந்து கிளம்பும் மூன்று எலக்ட்ரான் கற்றைகள் முன்கண்ணாடியின் உட்புறம் பூசிய சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளில் மோதி ஒளி உண்டாக்கின. ஒவ்வொரு கற்றையும் தனக்குரிய நிறத்தில் மட்டும் விழுவதற்காக இடையில் துளையிட்ட மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருந்தது. அந்தத் தகட்டில் காந்தம் ஏறினால் கற்றை தடம் மாறும், நிறம் கெடும். பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்தால் ஏறும். மேசையைக் கிழக்கிலிருந்து தெற்கே திருப்பிப் போட்டால்கூடப் பூமியின் காந்தப்புலம் வேறு கோணத்தில் தாக்கி நிறத்தை மாற்றும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்குப் பயந்து வாங்கிய ஸ்டெபிலைசரை மானிட்டரை ஒட்டி வைத்தால் படம் நடுங்கும். ஒரு முழம் தள்ளி வைத்தால் நின்றுவிடும்.

டீகாஸுக்கும் போகாத கறைக்கு டி.வி. மெக்கானிக் இருந்தார். வளையம் போலச் சுற்றிய காயிலைத் திரை முன்னால் பிடித்து, வட்டமாகச் சுழற்றியபடியே மெதுவாகப் பின்னால் நடப்பார். கறை கண்ணெதிரே கரையும். கோடு வளைந்திருந்தால் மெனுவில் சரி செய்யலாம். நிறங்கள் விலகியிருந்தால் டியூபின் கழுத்தில் உள்ள காந்த வளையங்களைத் திருப்பிச் சேர்த்து வைப்பார். அந்தத் திரைகளை இப்போது கொண்டாட வேண்டியதில்லை. மூலைகள் நடுவைவிட மங்கல், சூடு அதிகம், மின்சாரம் அதிகம், சில வருடங்களில் டியூபும் வீக்காகும். ஆனால் குறை வந்தது வீட்டுக்குள், தீர்ந்ததும் வீட்டுக்குள். அதைத் தீர்க்கும் கையும் ஊரிலேயே இருந்தது. இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டிகளும் பிக்சர் டியூப்தான். திரையருகே காந்தம் கொண்டுபோய் நிறக்கறை உண்டாக்கி அடி வாங்கிய பிள்ளைகள் கிராமம்தோறும் உண்டு. அடுத்த மாற்றமும் அரசு வழியாகவே வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எத்தனையோ வீடுகளுக்கு முதல் தட்டைத் திரை அதுதான். சற்றுச் சாய்த்தால் முகம் கறுத்து நிறம் மாறும் அந்தத் திரையை எல்லோரும் இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள்.

இன்று மானிட்டர் தேடிச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. திருச்சி சாலையிலிருந்து சேலம் சாலை பிரிகிற ஊர் உளுந்தூர்பேட்டை. கூரியர் வேன் வீட்டு வாசலுக்கே வருகிறது. 24 அங்குலத் திரை, நாலு கிலோகூடத் தேறாது. பெட்டியைப் பிரித்துப் போட்டால் பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று இருக்கும். ராத்திரி விளக்கணைத்துப் படம் ஓட்டும்போதுதான், படத்துக்கு மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டையில், வலது கீழ்மூலையிலிருந்து மஞ்சளாகவோ வெளிறிய நீலமாகவோ வெளிச்சம் ஒழுகுவது கண்ணில் படும். மெனுவில் டீகாஸ் இல்லை. தேடினால் கிடைப்பது பிரைட்னஸும் கான்ட்ராஸ்ட்டும்.

இன்றைய தட்டைத் திரையில் இருக்கும் திரவப் படிகம் தானாக ஒளிராது. பின்னால் எரிகிற விளக்கின் ஒளியைப் புள்ளி புள்ளியாக மறைப்பதும் விடுவதுமே அதன் வேலை. முதலில் வந்த எல்.சி.டி. மானிட்டர்களில் பென்சிலைவிட மெல்லிய ஃப்ளோரசன்ட் குழாய்கள் விளிம்பில் இருந்தன. 1993இல் ஜப்பானில் ஷுஜி நகாமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டியதும் வெள்ளை எல்.இ.டி.க்கு வழி பிறந்தது. அந்தப் பாதையைத் திறந்ததற்காக அவருக்கும் அகாசாகி, அமானோ இருவருக்கும் 2014இல் நோபல் கிடைத்தது. இன்று சாதாரண மானிட்டரில் ஒரே ஒரு எல்.இ.டி. பட்டை, பெரும்பாலும் கீழ் விளிம்பில். அந்த ஒரு ஓரத்து ஒளி திரை முழுக்கச் சமமாகப் பரவ வேண்டும். அதற்கு ஒரு அக்ரிலிக் தகடு. அதன் பின்புறம் நுண்புள்ளிகள்: விளக்கருகே அரிதாக, தள்ளிப் போகப் போக நெருக்கமாக. மடைக்குப் பக்கத்து வயலுக்குச் சின்ன வாய், கடைமடைக்குப் பெரிய வாய் வைத்து நீர் பங்கிடும் கணக்கு அது. புள்ளிகள் திருப்பிவிடும் ஒளியை மேலே உள்ள மெல்லிய தாள்கள் பரப்பி நேராக்குகின்றன.

இவ்வளவையும் ஒரு மெல்லிய சட்டம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் அதிகமாக அழுத்தினால், கண்ணாடி மயிரிழை முறுக்கிக்கொண்டால், லாரியில் பெட்டி மேல் பெட்டி ஏறினால், அந்த இடத்தில் கறுப்பு கறுப்பாக நிற்காது. மானிட்டரை மெல்லியதாக்கும் போட்டியில் சட்டத்தின் உறுதியும் குறைந்தது. ஒழுகலுக்கு அதுவும் ஒரு காரணம்.

புது மானிட்டர் வந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை எளியது. அரை மணி நேரம் ஓடவிட்டு, அறையை இருட்டாக்கி, முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரை நிறையப் போட வேண்டும். பிரைட்னஸ் நூறில் வேண்டாம், தினமும் வேலை செய்யும் அளவில் இருக்கட்டும். உட்காரும் தூரத்திலிருந்து பார்த்தபடி தலையை இடமும் வலமும் நகர்த்துங்கள். கூடவே நகர்ந்து, மங்கியும் கூடியும் மாறும் வெளிச்சம் ஐ.பி.எஸ். பேனலின் இயல்பு. பக்கவாட்டில் பார்க்கும்போது அந்த வகைப் பேனல் ஒளியை முழுக்க மறைப்பதில்லை, மாற்றிக் கேட்டாலும் அதேதான் வரும். தலை எங்கே போனாலும் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் ஒழுகல். அடுத்து ஒரே சாம்பல் நிறத்தைப் போட்டுப் பாருங்கள். திட்டுத்திட்டாக மங்கல் தெரிந்தால் பரவல் சரியில்லை. மூலைகளில் பத்து இருபது சதவீதம் குறைவது நல்ல மானிட்டரிலும் உண்டு.

செல்போனில் எடுத்த படத்தை நம்பிக் கலங்க வேண்டாம். இருட்டில் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி எடுக்கும், சின்னக் கசிவும் தீப்பிடித்தது போல விழும். ஆயிரத்துக்கு ஒன்று கான்ட்ராஸ்ட் உள்ள பேனலில், வெள்ளை 250 நிட் (திரைப் பிரகாசத்தின் அலகு) என்றால் கறுப்பிலும் கால் நிட் ஒளி இருந்தே தீரும். பிரைட்னஸைப் பாதியாக்கினால் கசிவும் பாதியாகும். மானிட்டருக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சின்ன விளக்கு எரிந்தால் கண்ணுக்குக் கறுப்பு இன்னும் கறுப்பாகும். இ-சேவை மையத்தில் சான்றிதழ் அச்சிடுபவருக்கும் வெள்ளைப் பக்கத்தில் டைப் அடிப்பவருக்கும் மூலையில் ஒழுகும் வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை. கல்யாண ஆல்பம் செய்கிறவருக்கு அப்படி இல்லை. மணப்பெண்ணின் முகம் திரையின் இடப்பக்கம் ஒரு நிறம், வலப்பக்கம் வேறு நிறம் என்றால் எதை நம்பி அச்சுக்கு அனுப்புவார்? திரையின் பிரகாசமான பகுதிகளைக் குறைத்து மங்கலான பகுதிக்குச் சமமாக்கும் ஏற்பாடு விலை கூடிய சில மானிட்டர்களில் இருக்கிறது. தொழிலுக்கு வாங்குபவர் அதற்குச் செலவு செய்வது தகும்.

மெக்கானிக் இன்னும் இருக்கிறார். எல்.இ.டி. டி.வி.யைப் பிரித்து, எரியாத பட்டையை மாற்றுகிறார். திரையில் வெள்ளைப் பொட்டு விழுந்த டி.வி.யில், எல்.இ.டி. மேலிருந்து கழன்ற குட்டி லென்ஸைத் தேடி எடுத்துத் திரும்ப ஒட்டுகிறார். அந்தக் கைத்திறன் மானிட்டரிடம் தோற்றுப்போகிறது. தாள்களுக்கிடையே ஒரு தூசி புகுந்தால் அது நிரந்தரப் புள்ளி. வெளிச்சட்டத்து ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தினால் அழுத்தம் குறைந்து ஒழுகல் தணிவதுண்டு, ஆனால் பிரித்துவிட்டார்கள் என்று சொல்லி வாரண்டியை மறுக்க அதுவே காரணமாகும். புதுப் பொருளில் ஸ்க்ரூடிரைவர் வைக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். சீராக்கும் வேலை மொத்தமும் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. சின்ன ஊருக்கு மிஞ்சியது, சீரில்லாததை வேண்டாம் என்று திருப்பும் உரிமை. அதற்கும் கெடு உண்டு. மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். முகூர்த்த மாதத்தில் மேசையில் வேலை குவிந்திருக்க, மானிட்டரைச் சோதிக்காமலே அந்த நாட்கள் போய்விடுகின்றன. வாரண்டித் தாளில் டெட் பிக்சலுக்கு எண்ணிக்கை இருக்கும், வெளிச்சம் ஒழுகுவதற்கு அளவு பெரும்பாலும் இருக்காது. “இது நார்மல் சார்” என்று போனில் சொல்லிவிடுவது அதனால்தான் சுலபம். உள்ளூரில் விற்கும் கடைக்காரர்கள் பழைய வழக்கப்படி விளக்கணைத்து, கறுப்புத் திரை காட்டி விற்றால் ஆன்லைனை வெல்ல அதைவிடப் பெரிய தள்ளுபடி தேவையில்லை.

நுகர்வோர் சட்டத்தில் நடந்த மாற்றம் இங்கே உதவும். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, ரிச்சி தெருவில் வாங்கியதற்கு வழக்கு என்றால் பொதுவாகச் சென்னைக்குத்தான் நடக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன்படி, விற்றவர் எங்கே இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. புகாருக்குப் பில், பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ, கறுப்புத் திரையை இரண்டு மூன்று இடங்களில் நின்று எடுத்த படம், எந்த பிரைட்னஸில் எடுத்தது என்ற குறிப்பு, இவை வேண்டும். மாற்றித் தரும் காலம் முடிகிறவரை அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.